சாட்சிப் பொருள் மூன்று

கோர்ட்டார் வீட்டுக் கொல்லைச் சுவரில் முதலில் இரண்டு ஆணிகள்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு ஏதோ தொங்கும், யாரோ பின்னலை அறுத்து மாட்டிவிட்டுப் போன மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் சணலில் ஓர் அட்டைத் துண்டு கட்டியிருக்கும். மேலே 'சாட்சிப் பொருள் 1', நடுவில் தேதி, கீழே 'மேற்படி குழாயிலிருந்து என் முன்னிலையில் எடுக்கப்பட்டது', அதற்கும் கீழே கையெழுத்து. இரண்டாவதிலும் அப்படியே. மனிதர் முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் சாட்சிப் பொருள் அறைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தவர். கறைபட்ட சட்டைக்கும் திருட்டு சைக்கிளுக்கும் அட்டை கட்டியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் கட்டிப் பார்த்தார். அதுவும் தீர்ந்துபோன சமயத்தில்தான் குழாய் அடைத்துக்கொண்டது. தெருவுக்கு அது சாக்கடை அடைப்பு. அவருக்கு மறுபடியும் உத்தியோகம்.

அந்தச் சாட்சிப் பொருள்கள் யாருக்கு எதிரானவை என்று தெருவில் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் பார்லர் நடத்துகிறாளே, அவளுக்கு எதிரானவை.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கழிவுக் குழாய். எந்தக் காலத்திலோ ஒரே ஆள் கட்டி விற்ற வீடுகள். பார்லர்க்காரி வீட்டுத் தண்ணீர் மதிலுக்கு அடியில் நுழைந்து, கோர்ட்டார் கொல்லைக்கு வந்து, அவர் வீட்டுத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு, அங்கே நிற்கிற வாதாமரத்துக்குக் கீழே புகுந்து, பக்கச் சந்து வழியாகத் தெருவுக்குப் போகும். கோர்ட்டார் வீடு ஒரு படி தாழ்வு. அதனால் அடைப்பு விழுந்தால் முதலில் பொங்குவது அவர் குளியலறையில்தான். பல் தேய்க்கப் போனவர் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, மிதக்கிற நுரை எந்த ஷாம்பு என்று மோந்து பார்த்துச் சொல்வார். ஷாம்பு என்றால் பார்லர். பார்லர் என்றால் முடி. கேஸ் அவ்வளவுதான்.

முதல் தடவை அந்தக் கறுத்த சடை வெளியே வந்தபோது 'முடி' என்று முதலில் சொன்னது கோர்ட்டம்மா. ஜன்னலில் நின்றுகொண்டு ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த அரை மணியில் அது தெருக்கோடி டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. இப்போது பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புருவம் எடுத்துக்கொண்டே அதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

இதில் பார்லர்க்காரிக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவள் ஒரு முடியைக் கூடத் தண்ணீரில் விட்டவள் இல்லை. வாஷ் பேசின் வாயில் பழைய நைலான் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியிருப்பாள். ஒருத்தர் எழுந்ததும் தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டு வைப்பாள். மாதம் ஒருமுறை முடி வாங்குகிற ஆள் வந்து எடுத்துப் போவான். சாப்பிடும்போது தட்டில் ஒரு முடி கிடந்தால் அவள் கைபட்ட தட்டு இல்லை என்று அவள் புருஷனே சத்தியம் செய்வான். ஆனால் வாட்ச்மேன் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? ராத்திரி முழுக்க ஒரு தொழிற்சாலை கேட்டில் விழித்திருந்துவிட்டு, பகல் முழுக்கத் தூங்குகிறவன். கொல்லையில் நடப்பது அவனுக்குக் கனவில் வந்தால்தான் உண்டு.

மூன்றாவது ஆணி ஒரு செவ்வாய்க்கிழமை அடிக்கப்பட்டது.

அன்றைக்கு வெயில் எட்டு மணிக்கே உச்சந்தலையில் ஏறிவிட்டது. கம்பிக்காரர் வந்து கோர்ட்டார் கொல்லையில் சேம்பர் மூடியைத் தூக்கி வைத்துக் குந்தியிருந்தார். தெருவெல்லாம் அடைப்பெடுக்கிறவர் அவர்தான். இரும்புக் கம்பி, மூங்கில் பிளாச்சு இரண்டும் வைத்திருப்பார். கம்பி முனையில் திருகு கொக்கி இருக்கும். பிளாச்சை இஞ்ச் இஞ்சாக உள்ளே தள்ளி, முட்டுகிற இடத்தில் நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு கம்பியை விட்டுத் திருகுவார். திருகத் திருக அவர் கழுத்து நரம்பு புடைக்கும்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் கோர்ட்டார். மரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் அட்டை, சட்டைப் பையில் பேனா, விரலில் சணல் சுற்றி, எல்லாம் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு அடி சார். போன தடவை நின்ன அதே எடம்."

"அதே இடம்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்கங்க. நான் என்னத்தக் கண்டேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தாள் பார்லர்க்காரி. கையில் ஒருத்திக்குப் பூசிக்கொண்டிருந்த டை அப்படியே இருந்தது. உள்ளே அந்தப் பெண் பாதித் தலை கறுத்து, பாதித் தலை வெளுத்து, "அக்கா, காயுதுக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பிக்காரர் இழுத்தார். வந்தது. வழவழவென்று, கன்னங்கரேலென்று, நுனி பூராவும் பிசுபிசுத்த இழைகளோடு, போன இரண்டையும் விட நீளமாக வந்தது. சேம்பரில் தண்ணீர் பெரிய ஏப்பம் விட்டு இறங்கியது.

"பாத்தியா? ஒரு ஆள் தலையில இருக்கறதை விட ஜாஸ்தி," என்றார் கோர்ட்டார்.

"சார், நான் ஒரு முடி கூட விடறதில்ல சார். வந்து பேசின்ல கை விட்டுப் பாருங்க."

"நான் எதுக்கு உன் பேசின்ல கை விடணும்? உன் பேசின்தான் என் பாத்ரூமுக்கு வந்துடுச்சே."

கம்பிக்காரர் கையுறையை உதறினார். யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இது முடியா?" என்றாள் அவள்.

"நான் அடைப்பு எடுக்கறவன்கா. அதுக்குப் பேரு வைக்கறது என் வேலையில்ல."

சாயங்காலம் நோட்டீஸ் வந்தது. கோர்ட்டார் மதில் மேலாக நீட்டினார். மூன்று பிரதி, ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று எதற்கென்று அவருக்கே தெரியாது. இந்த மாதக் கடைசிக்குள் பார்லரில் தண்ணீர் உபயோகத்தை நிறுத்தாவிட்டால், மதிலுக்கு அடியில் உள்ள குழாய் வாயைத் தன் செலவில் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவதாக எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கொல்லையில் ஆஜராகித் தெரிவிக்கலாம்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் டியூட்டி முடிந்து வந்தான். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தான். அவள் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நோட்டீஸைத் தரையில் விரித்து வைத்தாள்.

"தண்ணியில்லாம பார்லர் நடத்த முடியுமா?" என்றான்.

"புருவம் எடுக்கலாம். புருவம் எடுத்தே கஞ்சி குடிச்சிடலாம்னு பாக்கறீங்களா?"

"நான் போய்ப் பேசட்டுமா?"

"நீங்க பேசப் போய் அவரு கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆமாங்கய்யா'ன்னு சொல்லிட்டு வருவீங்க. கேட்ல நின்னு நின்னு அதான் பழக்கமாயிடுச்சு."

அவன் சிரித்தான். கோபப்படுவதற்கும் தூக்கம் வேண்டியிருக்கிறது, அதுகூட அவனிடம் மிச்சமில்லை. "வேற எடம் பாத்துப் போயிடலாமா?"

"இருக்கறது ஒரு கொட்டகை. அதுக்கு மேல தகரம். பெரிய மாளிகை மாதிரி தூக்கிட்டுப் போகணுமாக்கும்."

அவன் அதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தான். கிண்ணத்தை அவன் கையிலிருந்து மெதுவாக எடுத்தாள்.

இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோர்ட்டம்மாவுக்கு டை போடுவது மட்டும் நிற்கவில்லை. வியாழக்கிழமை மதியம் பார்லர்க்காரி கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கோர்ட்டார் கதவைத் திறந்து, "வா" என்று சொல்லாமல் வழி மட்டும் விட்டார். வழக்கு வேறு, தலை வேறு என்பதில் அவருக்குத் தெளிவு உண்டு.

கோர்ட்டம்மா கொல்லைத் தாழ்வாரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பார்லர்க்காரி வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினாள்.

"முன்னாடி ரொம்ப கொட்டுதுல்ல?" என்றாள் கோர்ட்டம்மா.

"வயசுக்கு இது பரவாயில்லம்மா."

"எனக்கு வயசு இல்லடி. அவரு ரிட்டயர் ஆனதிலேருந்துதான் கொட்டுது."

பூசி முடித்து முக்கால் மணி நேரம் ஊற வேண்டும். கோர்ட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பார்லர்க்காரி கைகழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனாள். சுவர் பக்கத்தில் மூன்றும் தொங்கின. செவ்வாய்க்கிழமை வந்தது இன்னும் கறுப்பாக, ஓரம் மட்டும் காய்ந்து நின்றது. ஆறு மாதத்துக்கு முந்தைய முதலாவது அப்படி இல்லை. வெயிலில் காய்ந்து காய்ந்து ஒருவிதமான தவிட்டு நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டாள்.

அவள் கைக்கு வேறு எது தெரியாவிட்டாலும் முடி தெரியும். சுருட்டை, கோரை, எண்ணெய் கண்டது, காணாதது, காய்ச்சலில் கொட்டியது, கவலையில் கொட்டியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். முடி காய்ந்தால் காயும், முறியாது. இது அவள் விரலுக்கு இடையில் பொடேலென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் சின்னதாக வெள்ளை தெரிந்தது. முடிக்குள் ஏது வெள்ளை?

ஒரு சிட்டிகை கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தாள். கோர்ட்டம்மா கண்ணைத் திறக்கவில்லை. கோர்ட்டார் முன்கட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சிப் பொருள் அறையிலிருந்து களவு போனது அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் வாட்ச்மேன் எழுந்து முகம் கழுவி, டியூட்டிக்குக் கிளம்பப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அடுப்பைப் பற்றவைத்து, சீப்பில் இருந்த தன் முடி இரண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினாள். சுருண்டது, பொசுங்கியது, உருண்டையாகக் கறுத்தது. வீடு முழுக்க நாற்றம்.

"என்ன கருகுது?" என்றான்.

"உங்க பொண்டாட்டி. இப்ப இதைப் பாருங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிட்டிகையை இடுக்கியில் பிடித்துக் காட்டினாள். அது வைக்கோல் மாதிரி ஒரு தடவை சிவந்தது. நாற்றமில்லை. சாம்பல் உதிர்ந்தது.

"வேர்," என்றாள். "மரத்து வேரு. எம்மேல பழிய போட்டுட்டு, மண்ணுக்குள்ள உக்காந்து என் தண்ணியக் குடிச்சிட்டிருக்கு."

"அப்ப கேஸு தள்ளுபடி," என்றான் வாட்ச்மேன். வெகு நாளைக்குப் பிறகு சுறுசுறுப்பாகத் தொப்பியை வைத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை அவள் நேராகக் கம்பிக்காரரைத் தேடிப் போனாள். அவர் டீக்கடை பெஞ்சில் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிளாச்சுக் கட்டு பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. அந்தப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் யாரும் உட்காருவதில்லை. அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கொளுத்திப் பாத்துட்டேன். இனிமே பேரு வைக்கறது என் வேலையில்லன்னு சொல்லாதீங்க."

அவர் பன்னை முழுங்கினார். "வேர்தான்கா. மொதநாளே தெரியும்."

"அப்ப ஏன் வாயை மூடிட்டிருந்தீங்க?"

"வாயத் தொறந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. கேட்டுக்க. அது சுட்ட மண் குழா. ரெண்டு ரெண்டு அடித் துண்டு. துண்டுக்குத் துண்டு சிமெண்ட் ஜாயிண்ட். அந்த ஜாயிண்ட் என் வயசு. விட்டுப்போச்சு. ஈரம் கசிஞ்சா வேரு மோப்பம் பிடிச்சு வந்துரும். நூலு மாதிரிதான் நுழையும். உள்ள வந்து பாத்தா சோறும் தண்ணியும் கொட்டிக் கெடக்கு. விடுமா? வெட்டி எடுத்தா ரெண்டு மாசத்துல மறுபடி வரும்."

"அதுக்கு என்ன வழி?"

"வழி ரெண்டுதான். பக்கச் சந்தைத் தோண்டிப் பழைய குழாய எடுத்துட்டு பிளாஸ்டிக் குழா போடணும். சந்துல போன வருஷம்தான் டைல்ஸ் போட்டிருக்காரு. ஒவ்வொரு டைலா தட்டிப் பாத்து ஒட்டினவரு. ஒடைக்க விடுவாருன்னு நினைக்கிறியா?"

"இன்னொண்ணு?"

"மரத்த வெட்டறது. அரை நாள் வேலை. அவருக்கும் அந்த மரம் பிடிக்கல. எலை விழுது, டைல்ஸ்ல கறை பிடிக்குதுன்னு என்கிட்டயே ரெண்டு தடவை ஆள் கேட்டாரு. வீட்டம்மாதான் குறுக்க நிக்குது. வேருன்னு தெரிஞ்சா அந்தம்மாவால நிக்க முடியாது." பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "நீ போய்ச் சொல்லுக்கா. உன் நியாயம். நான் சாட்சிக்கு வரேன்."

அவள் எழுந்து வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியில் இரண்டு பேர் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

மதியம் இரண்டு மணி. பார்லரில் யாருமில்லை. கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள். வெளியே தெரு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நாய்கள் வண்டிக்கு அடியில் போய்விட்டன. ஆனால் தகரத்துக்கு மேலே வாதாமரம் ஒரு கிளையை மதில் தாண்டி நீட்டி, கை நீள இலைகளை அடுக்கடுக்காகப் பரப்பி வைத்திருந்தது. தகரத்தைத் தொட்டால் சுடாது. மின்விசிறி ஓடினால் காற்று வரும், அனல் வராது.

முன் வருஷம் கோடையில் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் பாதிக் கிளையை வெட்டிவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மாதம் கொட்டகை வாணலியாக இருந்தது. டை கிண்ணத்திலேயே காய்ந்தது. மாவு மில்காரர் மருமகள் முகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை, மயக்கம். தண்ணீர் தெளித்து எழுப்பி, முகத்தில் பாதிப் பூச்சோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். பதினொரு மணிக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பகல் முழுக்கத் தூங்க வேண்டிய வாட்ச்மேன் அந்த இரண்டு மாதமும் கேட்டில் தூங்கி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன் படுக்கிற அறைக்கும் அதே கிளைதான் குடை.

உண்மையைச் சொன்னால் மரம் போகும், மரம் போனால் பார்லர் போகும். சொல்லாவிட்டால் குழாய்வாயில் சிமெண்ட், அப்போதும் பார்லர் போகும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் வெகுநேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் வளர்ந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் எடுக்கிறவளுக்குத் தன் புருவத்தை எடுக்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை அவள் வாட்ச்மேனிடம் சொன்னபோது அவனுக்கு முதலில் புரியவில்லை.

"செய்யாத தப்பை ஒத்துக்கப் போறியா?"

"ஆமா."

"நீ ஒரு முடி கூட..."

"விடலதான். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அடுப்புக்குத் தெரியும். போதும்."

"தெருவுல என்ன பேசுவாங்க?"

"இப்ப மட்டும் என்ன பேசறாங்களாம்? இவ்வளவு நாள் செய்யாமலே பேச்சு வாங்கினேன். இனிமே அந்த நிழலுக்கு வாடகைன்னு நெனச்சுக்கறேன்."

அவன் பெல்ட்டின் கொக்கியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். "எனக்குக் கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றான்.

"எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. நேரமாச்சு, கெளம்புங்க."

ஞாயிறு பத்து மணிக்குக் கோர்ட்டார் இஸ்திரி போட்ட சட்டையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலி. அதன் மேல் மூன்று சாட்சிப் பொருள்களும் ஆணியிலிருந்து இறங்கி வரிசையாகக் கிடந்தன. கம்பிக்காரர் சுவரோரம் குந்தியிருந்தார். கோர்ட்டம்மா வாசற்படியில் நின்றாள், கையில் பாதி ஆய்ந்த கீரைக்கட்டோடு. பார்லர்க்காரி வந்து நின்றாள். நாற்காலி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஆட்சேபம் ஏதாவது உண்டா?" என்றார் கோர்ட்டார்.

கம்பிக்காரர் தலையைத் தூக்கினார். கோர்ட்டம்மா கையில் கீரை அப்படியே நின்றது.

"இல்ல சார்," என்றாள் பார்லர்க்காரி. "முடிதான். என் கடை முடிதான்."

கோர்ட்டாருக்கு அது எதிர்பாராத அடி. ஐந்து நாளாகக் குறுக்கு விசாரணை தயார் செய்து வைத்திருந்த மனிதர். எதிரி முதல் வாய்தாவிலேயே ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப இத்தனை நாள் இல்லேன்னு சாதிச்சியே?"

"பயம் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் வற்புறுத்தினேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன். ஆனா ஒரு வேண்டுகோள். குழாய அடைக்காதீங்க. எங்க பக்கம் ஒரு தொட்டி கட்டி வலை போட்டுடறேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அடைக்குதோ அடைக்கலையோ, அண்ணனைக் கூட்டிட்டு வந்து கம்பி விட்டுச் சுத்தம் பண்றது என் பொறுப்பு. உங்க பாத்ரூம்ல ஒரு சொட்டு ஏறினா அப்புறம் நீங்க சிமெண்ட் வைங்க."

கோர்ட்டார் கம்பிக்காரரைப் பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்தா ஏறாதா?"

"ஏறாது சார். அது வளர்ற வேகத்துக்கு..." கம்பிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சேர்ற வேகத்துக்கு அது போதும்."

கோர்ட்டார் அரை மணி நேரம் எழுதினார். மேற்படி பார்லரின் முடியே அடைப்புக்குக் காரணம் என்று தன் சுயபுத்தியுடன் ஒப்புக்கொள்வதாக எழுதி, வாசித்துக் காட்டி, மூன்று பிரதியிலும் கையெழுத்து வாங்கினார். கம்பிக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் முழுக்க மரத்தடியில் நல்ல காற்று. காகிதம் பறக்காமல் இருக்க சாட்சிப் பொருள் மூன்றைத்தான் மேலே வைத்துக்கொண்டார்.

செய்தி தெருமுனைக்குப் போவதற்குள் பார்லர்க்காரி வீட்டுக்குப் போய்விட்டாள். பேசினின் நைலான் துணியை அவிழ்த்துத் துவைத்து மறுபடி கட்டினாள். கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை மதியம் கோர்ட்டம்மா பார்லருக்கு வந்தாள். டை போட இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதுவுமில்லாமல் அந்த அம்மாள் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. வீட்டுக்கு வரவழைத்துத்தான் பழக்கம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, "தலைக்கு ஊத்து," என்றாள்.

பார்லர்க்காரி துண்டைப் போர்த்தித் தலையைப் பேசினில் சாய்த்தாள். தண்ணீர் விட்டாள். நுரை வரும்வரை தேய்த்தாள்.

"நீ ஏன் ஒத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் கோர்ட்டம்மா, கண்ணை மூடியபடி.

"என்னம்மா தெரியும்?"

"முதல் தடவை வெளிய வந்தப்பவே எனக்குத் தெரியும் அது வேர்னு. கம்பிக்காரரை வாயத் திறக்காதேன்னு சொன்னதும் நான்தான்."

பார்லர்க்காரியின் விரல்கள் உச்சந்தலையில் நின்றன. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"தெரிஞ்சே என் தலையில போட்டீங்களா?"

"போட்டேன். வேற யார் தலை இருக்கு பக்கத்துல?" கோர்ட்டம்மா கண்ணைத் திறக்கவில்லை. "முப்பத்தொரு வருஷம் அவரு கோர்ட்டுல இருந்தாரு, நான் வீட்டுல இருந்தேன். இப்ப காலையில ஒம்பது மணிக்கு அந்த மரத்தடிக்குப் போனார்னா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாரு. அந்த ஏழு மணி நேரம்தான்டி நான் மூச்சு விடறேன். மரம் போச்சுன்னா எங்க உக்காருவாரு? என் அடுப்படியில. உப்பு எவ்வளவு போட்டேன்னு எழுதி வைப்பாரு."

பார்லர்க்காரிக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. அவளும் அதற்காகக் காத்திருந்து பார்த்தாள். வந்தது என்னவோ அலுப்புத்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த எத்தனையோ தலைகளில் இதுவும் ஒரு தலை. நரம்பெல்லாம் இறுகிக் கிடக்கிற, கொட்டிப்போன தலை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்."

"அதான்."

விரல்கள் மறுபடி நகர்ந்தன, கொஞ்சம் அழுத்தமாகவே. கோர்ட்டம்மா வலித்தும் பொறுத்துக்கொண்டாள்.

"அண்ணன் கம்பி விட வர்ற அன்னைக்கு சார் பக்கத்துல இருக்கக் கூடாது. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கையில எடுத்து ஒடிச்சுப் பாத்துடுவாரு," என்றாள் பார்லர்க்காரி.

"பென்ஷன் ஆபீசுக்கு அனுப்பிடறேன். அங்க போனா மத்தியானம் ஆயிடும், ஒருத்தர் விடாம சண்டை போட்டுட்டுதான் வருவாரு. எடுத்ததும் நான் அடுப்புல போட்டுடறேன்."

"சுவத்துல இருக்கற மூணு?"

"அதுங்களும் ஒருநாள் காணாம போகும். பூனை மேல பழியப் போட்டாப் போச்சு." கோர்ட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நுரை கண்ணில் பட்டு முகத்தைச் சுளித்தாள்.

அப்போது கதவுத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். புதுமுகம்; தெருக்கோடி மாடியில் போன வாரம் குடிவந்தவள். குடையை மடக்கி வைத்து, பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்த அடுத்த நிமிஷம் கேட்டாள்.

"இந்தக் கடையிலேருந்துதான் முடியெல்லாம் பக்கத்து வீட்டுக் குழாய்ல போய் அடைச்சுதாமே? டீக்கடையில சொன்னாங்க. உண்மையா?"

கோர்ட்டம்மாவின் கண்கள் திறந்தன. பார்லர்க்காரியைப் பார்த்தன. பார்லர்க்காரி தண்ணீரை நிறுத்தினாள்.

"நான்தான் அந்தப் பக்கத்து வீடு," என்றாள் கோர்ட்டம்மா. "உண்மைதான்."

"ஆமாங்க," என்றாள் பார்லர்க்காரி. "என் தப்புதான். இப்ப தொட்டி கட்டிட்டேன்."

புதுப்பெண் சரி என்பது போலத் தலையாட்டினாள். இந்த அளவுக்குச் சுலபமாக ஒத்துக்கொண்டால் மேலே கேட்க ஒன்றுமில்லை. அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள், முந்தானையால் விசிறிக்கொள்ளப் போன கையை இறக்கினாள்.

"எப்படி இருந்தா என்ன, இந்த வெயிலுக்கு இங்க வந்து உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரலையே. எனக்கு வெள்ளிக்கிழமை முடி வெட்டணும். எப்ப வரட்டும்?"

பார்லர்க்காரி கோர்ட்டம்மாவின் தலையைத் துண்டால் சுற்றி நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு வாங்க," என்றாள். "மத்தியானத்துலதான் இங்க நல்லா இருக்கும்."